துலுக்க சாமந்திக்கு பிரெஞ்சுல என்ன பேரு?

கார்த்திகை தீபம் சமயத்துல ஆரம்பிச்சு வெயில் ஏறுற மாசி, பங்குனி வரைக்கும் செங்கம் ரோட்டுல ரமணாசிரமம் பக்கம் நடந்து பாருங்க. ஒரே டீக்கடையில நாலஞ்சு மொழி காதுல விழும். அதுல பிரெஞ்சும் ஒண்ணு. நம்ம பசங்கள்லயும் பிரெஞ்சு படிச்சவங்க நிறைய பேர் இருக்காங்க. சிலர் பிளஸ் டூவுல மார்க்குக்காக எடுத்தவங்க. சிலர் வெளிநாட்டுல எம்.எஸ். போகலாம்னு இப்போ மொபைல் ஆப்ல தட்டிட்டு இருக்கறவங்க. 'என் பெயர் இது, எனக்கு காபி வேணும், ரயில் நிலையம் எங்கே' வரைக்கும் எல்லாருக்கும் வரும். ஆனா நம்ம ஏரியாவுல ரயில் நிலையம் எங்கேன்னு பிரெஞ்சுல கேட்கிற ஆள் ரொம்பக் கம்மி. "இந்தப் பூ பேரு என்ன?"ன்னு கேட்கிற ஆள்தான் அதிகம். கெஸ்ட் ஹவுஸ் வாசல்ல, கிரிவலப் பாதையில, பூக்கார அக்கா கூடைக்கு முன்னாடி, எங்கே நின்னாலும் அந்தக் கேள்வி வரும்.

அதனால தோட்டத்துப் பூக்களோட பிரெஞ்சுப் பேர்களை எப்படிக் கத்துக்கிறதுன்னு ஒரு கட்டுரை. ஆரம்பத்துலயே ஒண்ணு சொல்லிடறேன். இங்கிலீஷ் பேரைப் பக்கத்துல வச்சு மனப்பாடம் பண்ணா இது மண்டையில நிக்காது. பூவைப் பக்கத்துல வச்சுக்கணும், அதுக்கு நம்ம ஊர்ப் பேரும் தெரிஞ்சிருக்கணும். ஏன்னு போகப் போகப் புரியும்.

திருவண்ணாமலைக்கும் பிரெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

பாண்டிச்சேரி இங்கேர்ந்து சுமார் 100 கிலோமீட்டர்தான். போற வழியில இருக்கற செஞ்சிக் கோட்டை 1750லேர்ந்து 1761 வரைக்கும் பிரெஞ்சுக்காரங்க கையில இருந்தது. ஆசிரமத்துக்கும் அவங்க தொடர்பு பழசு. ஹென்றி லெ ஸோ என்ற பிரெஞ்சு கிறிஸ்தவத் துறவி 1949 ஜனவரியில இங்கே வந்து ரமணரைப் பார்த்தார். பிறகு மலைக்குகைகள்ல தங்கினார். அபிஷிக்தானந்தா என்ற பேர்ல அவரைப் பலருக்குத் தெரியும். 1950 ஏப்ரல் 14 ராத்திரி ரமணர் மறைஞ்சப்போ, உலகப் புகழ் பெற்ற பிரெஞ்சு புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் இங்கேதான் இருந்தார். வானத்துல ஒரு எரிநட்சத்திரம் போனதைப் பார்த்துட்டு, மணி 8:47ன்னு குறிச்சு வச்சவர் அவர். பெரிய கோயிலோட கல்வெட்டு, கட்டடம், ஊர் அமைப்பு எல்லாத்தையும் ஆராய்ஞ்சு பாண்டிச்சேரியில இருந்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் 1989, 1990 வாக்குல பல தொகுதிகளா புத்தகம் போட்டிருக்காங்க.

பூ விஷயத்துலயும் அப்படித்தான். பாண்டிச்சேரி தாவரவியல் பூங்கா 1826ல பிரெஞ்சுக்காரங்க ஆரம்பிச்சது. 1955ல தொடங்கின பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துல தென்னிந்தியச் செடிகளைக் காய வச்சு, அட்டையில ஒட்டி, பேர் எழுதிப் பாதுகாக்கிற ஹெர்பேரியம் இப்பவும் இருக்கு. ஆக, நம்ம செடிகளை பிரெஞ்சு மொழி ரொம்ப நாளாவே பார்த்துட்டு இருக்கு.

ஒரு பூ, மூணு தப்பான விலாசம்

முதல்ல துலுக்க சாமந்தி. சில ஊர்ல செண்டுமல்லி, சில ஊர்ல கேந்தி. ஆயுத பூஜைக்கு லேத் மெஷின்லேர்ந்து டிவிஎஸ் எக்ஸ்எல் வரைக்கும் மாட்டுவோமே, அந்த ஆரஞ்சுப் பூ.

இதுல பெருசா, பந்து மாதிரி இருக்கறதை இங்கிலீஷ்ல ஆப்பிரிக்கன் மேரிகோல்டுன்னும், சின்னதா செவப்புக் கரை போட்டு இருக்கறதை பிரெஞ்ச் மேரிகோல்டுன்னும் சொல்றாங்க. 'அப்போ பிரெஞ்சுக்காரங்க இதை எங்க ஊர்ப் பூன்னு சொல்வாங்க போல'ன்னு நினைக்கத் தோணும். இல்லை. சின்னதுக்கு அவங்க வச்ச பேரு 'ஒய்யே தேந்த்', அதாவது இந்தியக் கார்னேஷன். பெருசுக்கு 'ரோஸ் தேந்த்', அதாவது இந்திய ரோஜா. தமிழ்ல நாம என்ன பண்ணினோம்? துலுக்கன்னு முன்னாடி ஒட்டிட்டோம். வெளியிலேர்ந்து வந்தவங்களைக் குறிச்ச பழைய சொல் அது.

நிஜத்துல இந்தப் பூவுக்குச் சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே நவம்பர் மாசத் தொடக்கத்துல இறந்தவங்களை நினைச்சுக் கொண்டாடுற நாள்ல வீடு, கல்லறை எல்லாத்துலயும் இதைத்தான் குவிப்பாங்க. இங்கிலீஷ்காரன் ஆப்பிரிக்கா, பிரான்ஸ்னு சொன்னான். பிரெஞ்சுக்காரன் இந்தியான்னு சொன்னான். நாம துருக்கிப் பக்கம் கையைக் காட்டினோம். ஒருத்தர் சொன்னதும் சரியில்லை.

ஆனா பிரெஞ்சுக்காரங்க தப்புக்கு ஒரு காரணம் இருக்கு. கொலம்பஸ் புண்ணியத்துல ஐரோப்பாவுல அமெரிக்கக் கண்டத்தையும் ரொம்ப நாள் 'இந்தியா'ன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க. அதனால 'தேந்த்'னு முடியுற பூப் பேரைப் பார்த்தா உடனே காலரைத் தூக்கி விட்டுக்காதீங்க. அது மெக்சிகோவாக்கூட இருக்கலாம்.

நேர் எதிரான கதை மல்லிக்கு. நம்ம குண்டு மல்லிக்கு பிரெஞ்சுல 'ஜாஸ்மேன் தாராபி', அதாவது அரேபிய மல்லி. செடி நம்ம பக்கத்தது. 2013ல மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடே வாங்கியாச்சு. ஆனா ஐரோப்பாவுக்கு இந்தச் செடியைப் பத்தின சேதி அரபு வியாபாரிகள் வழியா போனதால, கொண்டு வந்தவங்க பேரே பூவுக்கு ஒட்டிக்கிச்சு. 'ஜாஸ்மேன்' என்ற சொல்லே பாரசீகத்துல பொறந்து, அரபு வழியா பிரெஞ்சுக்குப் போனதுதான்.

பேர்ல இருக்கற ஊரை நம்பக்கூடாது. ஆனா பூ எந்த வழியா, யார் கையில ஊர் ஊரா போச்சுன்னு அந்தப் பேர்ல தெரியும்.

அவங்க எதைப் பார்த்தாங்க, நாம எதைப் பார்த்தோம்?

அடுத்த கூட்டம், பூவோட ஏதாவது ஒரு குணத்தைப் பிடிச்சு வச்ச பேருங்க. எனக்குப் பிடிச்ச பகுதி இது.

நாகலிங்கம்: சிவன் கோயில் பக்கம் பார்த்திருப்பீங்க. பூவுக்குள்ள ஒரு சின்ன லிங்கம், அதுக்கு மேல படம் எடுத்த நாகம் மாதிரி ஒரு வளைவு. நம்மாளுங்க பூவுக்குள்ள எட்டிப் பார்த்து பேர் வச்சிருக்காங்க. பிரெஞ்சுக்காரங்க அண்ணாந்து காயைப் பார்த்தாங்க. மரத்தோட அடியிலேர்ந்து தொங்குற, தலையில விழுந்தா மண்டை உடையுற உருண்டைக் காய். அதனால 'பூலே த கானோன்', பீரங்கிக் குண்டு. இதைத் தாவரவியல்ல 1775ல பதிவு பண்ணினவர் ஃபுஸே ஓப்லே என்ற பிரெஞ்சுக்காரர். பதிவு பண்ணின இடம் தென் அமெரிக்காவுல இருக்கற பிரெஞ்சு கயானா. நாகமும் லிங்கமுமா நாம கும்பிடுற பூ அட்லாண்டிக் தாண்டி வந்தது.

பவளமல்லி: பூவோட காம்பு பவள நிறம், அதனால தமிழ்ல பவளமல்லி. பிரெஞ்சுல 'ஆர்ப்ர த்ரீஸ்த்', சோக மரம். அறிவியல் பேருக்கும் அதே அர்த்தம்தான். ராத்திரி பூத்து, விடியுறதுக்குள்ள எல்லாப் பூவும் கீழே உதிர்ந்துடுது இல்லையா, பகல்ல அந்த மரம் அழுது முடிச்ச மாதிரி நிக்குது. நாம கீழே விழுந்த பூவைப் பொறுக்கினோம். அவங்க மரத்தோட முகத்தைப் பார்த்தாங்க.

அந்திமந்தாரை: இதுல ரெண்டு பேரும் கடிகாரத்தைத்தான் பார்த்தோம். சாயங்காலம் பூக்கறதால தமிழ்ல அந்தி. பிரெஞ்சுல 'பெல் த நுயி', ராத்திரி அழகி. இங்கிலீஷ்ல நாலு மணிப் பூ. மூணு பேரையும் சேர்த்து வச்சா அந்தப் பூவோட டைம்டேபிள் கிடைச்சுடும்.

சூரியகாந்தி: 'தூர்ன்ஸோல்'. தூர்ன்னா திரும்பு, ஸோல்னா சூரியன். நாம ஒளியைச் சொன்னோம், அவங்க அசைவைச் சொன்னாங்க. ஒரு சின்னத் திருத்தம் மட்டும். மொட்டா, இளசா இருக்கும்போதுதான் அது சூரியன் பின்னாடி திரும்பும். முழுசா விரிஞ்ச பூ கிழக்கையே பார்த்துட்டு நின்னுடும்.

சம்பங்கி: மாலைக்குக் கட்டுற, நீளத் தண்டுல வர்ற நிலசம்பங்கியைச் சொல்றேன். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து நிறைய பேர் இதை ட்யூப் ரோஸ்னு படிப்பாங்க. குழாயும் இல்லை, ரோஜாவும் இல்லை. பிரெஞ்சுப் பேரைப் பார்த்தா குழப்பம் தீர்ந்துடும். 'த்யுபெரஸ்'. கிழங்கு உள்ள செடின்னு அர்த்தம், அவ்வளவுதான். மண்ணுக்குள்ள இருக்கற கிழங்கைப் பார்த்து வச்ச பேரு. இதுவும் மெக்சிகோக்காரிதான். பிரான்ஸ்ல வாசனைத் திரவியம் செய்யுறவங்களுக்கு ரொம்ப வேண்டிய பூ.

நித்யகல்யாணி: வருஷம் பூரா பூக்கறதால நித்யகல்யாணி. சுடுகாட்டு ஓரத்துல தானா முளைச்சுக் கிடக்கறதால அதே பூவுக்கு இன்னொரு பேரு சுடுகாட்டு மல்லி. ஒரே செடிக்கு கல்யாணமும் சாவும் பேரா வச்ச மொழி நம்மளது! பிரெஞ்சுல 'பெர்வான்ஷ் த மதகாஸ்கார்'. பெர்வான்ஷ் என்பது ஐரோப்பாவுல இருக்கற வேற ஒரு ஊதா நீலப் பூ. அதே ஜாடையில மடகாஸ்கர் தீவுல கிடைச்சதால இந்தப் பேரு. இந்த விலாசம் மட்டும் சரியான விலாசம், செடிக்குச் சொந்த ஊர் மடகாஸ்கர்தான். இதுலேர்ந்து எடுக்கிற வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் ரெண்டும் புற்றுநோய் மருந்து. குழந்தைகளுக்கு வர்ற ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் முக்கியமான மருந்து. பிரான்ஸ்ல பியர் போத்தியேன்னு ஒரு வேதியியலாளரோட குழு, இதே குடும்பத்துலேர்ந்து வினோரெல்பின் என்ற மருந்தை உருவாக்கினாங்க. சுடுகாட்டு மல்லி இப்போ ஆஸ்பத்திரியில உயிர் காப்பாத்துது.

மனுஷங்க பேர்ல இருக்கற பூக்கள்

ரமணாசிரமம் சுத்துவட்டாரத்துல காம்பவுண்டு சுவர் இருந்தா அதுமேல பெரும்பாலும் காகிதப்பூ இருக்கும். தண்ணியே ஊத்தாட்டியும் பூக்கும். உலகம் பூரா இதுக்கு பூகேன்வில்லியா. பிரெஞ்சுல 'பூகேன்வில்யே'. பூகேன்வில் என்பவர் 1766லேர்ந்து 1769 வரைக்கும் கப்பல்ல உலகத்தைச் சுத்தி வந்த பிரெஞ்சுத் தளபதி. ஆனா பூவைக் கண்டெடுத்தவர் அவர் இல்லை. கப்பல்ல வந்த தாவரவியலாளர் ஃபிலிபேர் கொமெர்ஸோன் 1767ல பிரேசில்ல சேகரிச்சு, தன் தளபதி பேரை வச்சார்.

அந்தக் கொமெர்ஸோனுக்கு ஒரு உதவியாளர். மூட்டை தூக்கி, மலை ஏறி, செடி சேகரிச்ச ஆள். பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல்ல பெண்கள் ஏறக் கூடாதுன்னு தடை இருந்ததால, ஆம்பளை வேஷம் போட்டுட்டு வந்த ஜான் பாரே என்ற பெண் அவங்க. உலகத்தைச் சுத்தி வந்த முதல் பெண்ணுன்னு இன்னிக்குச் சொல்றாங்க. அவங்க பேர்ல ஒரு செடிக்குப் பேர் வைக்க 2012 வரைக்கும் ஆச்சு. தென் அமெரிக்காவுல, நம்ம கத்திரிக்காய் குடும்பத்துச் செடி ஒண்ணுக்கு வச்சிருக்காங்க. தளபதிக்கு உலகத்துல பாதிச் சுவர், கூட வந்து உழைச்சவங்களுக்கு 245 வருஷம் கழிச்சு ஒரு காட்டுச் செடி.

இதுல தமிழ்ப் பேருக்கு ஒரு சபாஷ் போடணும். நாம பூன்னு நினைக்கிற அந்த ரோஸ் கலர் பகுதி நிஜத்துல பூவே இல்லை, நிறம் மாறின இலை. உள்ளே குச்சி மாதிரி இருக்கற சின்ன வெள்ளைதான் பூ. காகிதப்பூன்னு வச்சவங்க தாவரவியல் படிச்சிருக்க மாட்டாங்க, ஆனா இது வழக்கமான பூ இதழ் இல்லைன்னு தொட்டுப் பார்த்தே கண்டுபிடிச்சிருக்காங்க.

ஈழத்தலரி, சில இடத்துல பெருங்கள்ளி: பிரெஞ்சுல 'ஃப்ரான்ஜிபான்யே'. அறிவியல் பேர்ல இருக்கற ப்ளுமேரியா, சார்ல் ப்ளுமியே என்ற பிரெஞ்சுத் துறவியோட நினைவு. 1646லேர்ந்து 1704 வரைக்கும் வாழ்ந்தவர். மனுஷங்க பேரைப் பூவுக்கு வைக்கிற பழக்கத்தைப் பரப்பினதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பெகோனியா, மேக்னோலியா ரெண்டும் அவர் வச்ச பேர்தான். மிஷேல் பெகோன், பியர் மான்யோல் என்ற ரெண்டு பிரெஞ்சுக்காரங்க அதுக்குள்ள ஒளிஞ்சிருக்காங்க.

பாண்டிச்சேரி, ஆரோவில் பக்கத்துலேர்ந்து வர்ற சிலர்கிட்ட வேற மாதிரிப் பேர் கேட்கலாம். பாண்டிச்சேரி ஆசிரமத்து அன்னை நூத்துக்கணக்கான பூக்களுக்குத் தானா ஒரு பொருள் வச்சாங்க. காகிதப்பூ 'பாதுகாப்பு', துளசி 'பக்தி'. அது தனி அகராதி. அகராதியில தேடிக் கிடைக்கலையேன்னு திகைக்க வேண்டாம்.

தெரியலன்னா வம்பு வர்ற ரெண்டு பேரு

இதுவரைக்கும் சொன்னது சுவாரசியம். இனி சொல்ற ரெண்டும் அவசியம்.

முதல்ல அரளி. 'லோரியே-ரோஸ்'. இலை லோரியே மாதிரி, பூ ரோஜா மாதிரி, அதனால அந்தப் பேரு. பிரச்சினை அந்த லோரியேல இருக்கு. வெறும் லோரியே என்பது பிரெஞ்சு சமையல்ல தினமும் போடுற வாசனை இலை. நம்ம பிரிஞ்சி இலை செய்யுற வேலையை அங்கே செய்யும், ஆனா வேற மரம். பேரும் இலையும் ஒரே மாதிரி இருந்தாலும் அரளி முழுச் செடியும் விஷம். இலை, பூ, தண்டு, எதுவும் விலக்கில்லை. இதயத்துடிப்பையே குலைச்சுடும். நம்மகிட்ட அரளின்னு சொன்னாலே பாட்டி போட்ட அதட்டல் ஞாபகம் வரும். ஆனா இந்த மண்ணைத் தெரியாத ஒருத்தருக்கு அது அழகான, பேர் பரிச்சயமான செடி மட்டும்தான். மஞ்சள் அரளி, அதாவது பொன்னரளியும் அப்படியே. பிரேசிலுக்கு 1555ல போன ஆந்த்ரே தெவே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பேரு அதோட அறிவியல் பேர்ல இருக்கு. அதோட கொட்டை இன்னும் மோசமான விஷம்.

கெஸ்ட் ஹவுஸ்ல வேலை செய்யுறவங்க, வீட்டு மாடியை வாடகைக்கு விடுறவங்க நம்ம ஏரியாவுல நிறைய. பிரெஞ்சுல வேற எதுவும் தெரியாட்டியும் ஒரு வாக்கியம் தெரிஞ்சு வச்சுக்கோங்க: "அத்தான்ஸியோன், ஸே தொக்ஸிக்." ஜாக்கிரதை, இது விஷம்னு அர்த்தம். குழந்தை கையில, டீ கோப்பையில, சாலட் தட்டுல இந்தப் பூவோ இலையோ தெரிஞ்சா உடனே சொல்லிடுங்க. வாயில போயிட்டா கைவைத்தியம் பார்த்துட்டு நிக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

ரெண்டாவது சாமந்தி. பிரெஞ்சுல 'க்ரிஸான்தேம்'. நமக்கு சாமி மாலை, கல்யாண மண்டபம், வரவேற்பு. பிரான்ஸ்ல இது கல்லறைப் பூ. நவம்பர் 1ஆம் தேதி, இறந்தவங்க கல்லறையில சாமந்தித் தொட்டி கொண்டு போய் வைக்கிறது அங்கே வழக்கம். அதனால யார் வீட்டுக்கும் விருந்துக்குப் போகும்போது சாமந்தி எடுத்துட்டுப் போக மாட்டாங்க. நீங்க அன்பா ஒரு சாமந்தி மாலையைக் கழுத்துல போட்டா அவங்க முகம் ஒரு நொடி மாறலாம். இதுக்காக மாலை போடாம இருக்க வேண்டியதில்லை. "எங்க ஊர்ல இது மங்கலமான பூ"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், அங்கேர்ந்தே நல்ல பேச்சு ஆரம்பிச்சுடும்.

வாய்ல வர வைக்கிறது எப்படி?

நல்ல செய்தி ஒண்ணு. பிரெஞ்சு உச்சரிப்புல சில விஷயம் இங்கிலீஷை விட தமிழுக்கு நெருக்கம். 'தூர்ன்ஸோல்'ல வர்ற முதல் எழுத்து, இங்கிலீஷ் டேபிள்ல வர்ற ட இல்லை. நாக்கு பல்லைத் தொடுற, நம்ம 'தமிழ்' என்ற சொல்லோட த. 'தேந்த்'ல வர்ற முதல் எழுத்து 'பந்து'ல வர்ற மெல்லிய த. க, ப எல்லாம் காத்து ஊதாம, நாம தமிழ்ல சொல்ற மாதிரியே வரும். இங்கிலீஷ் மீடியம் நாக்கை ஓரமா வச்சுட்டு பாட்டிகிட்ட பேசுற நாக்கை எடுத்தீங்கன்னா பாதிக் கிணறு தாண்டியாச்சு.

கஷ்டம் ரெண்டு இடத்துல. ஜாஸ்மேன், கானோன் எல்லாம் கடைசியில ன் முழுசா வராது. மூக்குல பாதி ஒலிச்சு நின்னுடும். நாம 'அவன் வந்தான்'னு வேகமா சொல்லும்போது 'வந்தா'ன்னு மூக்குல முடியுதே, அதே கதைதான். அப்புறம் 'த்யுபெரஸ்'ல வர்ற யு: உதட்டை உ சொல்ற மாதிரி குவிச்சு வச்சுட்டு, உள்ளே இ சொல்லணும். கண்ணாடி முன்னாடி பழகுங்க, ரூம்மேட் இல்லாதப்போ. செம்பருத்திக்கு பிரெஞ்சுல 'இபிஸ்குஸ்'. முதல் ஹ எழுதுவாங்க, சொல்ல மாட்டாங்க. இன்னொரு பேரு 'ரோஸ் த ஷீன்', சீன ரோஜா.

அடுத்து ஆண்பால் பெண்பால் தொல்லை. தமிழ்ல பூ அஃறிணை, பிரச்சினை முடிஞ்சது. பிரெஞ்சுல ஒவ்வொரு பூவுக்கும் பால் உண்டு. ரோஸ், த்யுபெரஸ், பெர்வான்ஷ் பெண்பால், முன்னாடி 'லா' போடணும். ஜாஸ்மேன், க்ரிஸான்தேம், தூர்ன்ஸோல் ஆண்பால், முன்னாடி 'லெ'. இங்கே மல்லிகான்னு பொண்ணுக்குப் பேர் வைக்கிறோம், அங்கே மல்லி ஆம்பளை. லாஜிக் தேடாதீங்க. பூ பேரைத் தனியா படிக்காம லா, லெ சேர்த்தே ஒரே சொல்லா படிங்க.

ஒரு விதி மட்டும் நிஜமாவே உதவும். கடைசியில 'யே'ன்னு முடிஞ்சா பெரும்பாலும் அது செடி அல்லது மரம், அதுவும் ஆண்பால். ரோஸ் பூ, ரோஸியே ரோஜாச் செடி. மாங்க் மாம்பழம், மாங்கியே மாமரம். அந்த மாங்க் எங்கேர்ந்து போச்சுன்னு நான் சொல்லத் தேவையில்லை, நம்ம பக்கத்து மாங்காய்தான் போர்ச்சுகீசியர் கப்பல்ல ஏறிப் போய் அங்கே இறங்கியிருக்கு. பூகேன்வில்யே, ஃப்ரான்ஜிபான்யே, லோரியே எல்லாமே இந்த விதிக்குள்ள அடங்கும்.

படிக்கிற முறை

டேட்டாபேஸ் பேப்பர் எழுதின மக்களுக்கு இது ஈசியா புரியும். ஒரு பூவுக்கு ஊருக்கு ஊர் பேர் மாறும். ஒரே பேர்ல ரெண்டு பூவும் இருக்கும். சம்பங்கின்னு சொன்னா சிலருக்கு நிலசம்பங்கி, சிலருக்குக் கொடிசம்பங்கி. அப்போ பேரை ப்ரைமரி கீயா வைக்க முடியாது. அறிவியல் பேர்தான் ப்ரைமரி கீ. மத்த மொழிப் பேர் எல்லாம் அதுக்குக் கீழே வர்ற வரிசைகள்.

நான் பண்றது இதுதான். நடந்து போகும்போது பூவை போட்டோ எடுப்பேன். அடையாளம் காட்டுற ஆப்ல அறிவியல் பேர் பார்ப்பேன், ஆப் சொல்றதை அப்படியே நம்பாம இலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். அப்புறம் பூக்கார அக்காகிட்டயோ தோட்டக்காரத் தாத்தாகிட்டயோ தமிழ்ப் பேர் கேட்பேன். கடைசியாத்தான் பிரெஞ்சு. ஃப்ளாஷ் கார்டுல முன்பக்கம் போட்டோ மட்டும். பின்பக்கம் தமிழ்ப் பேரு, பிரெஞ்சுப் பேரு, பேர் எதைப் பார்த்து வச்சதுன்னு ஒரு வரி. இங்கிலீஷ் கிடையாது. வாரத்துக்கு அஞ்சு பூ போதும். நாலு மாசத்துல 80 பூ ஆகிடும்.

இதுல பிரெஞ்சு பக்கம் சீக்கிரம் நிரம்பிடும், இணையத்துல எல்லாம் இருக்கு. தமிழ்ப் பக்கம்தான் காலியா நிக்கும். இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச நம்ம செட்டுக்கு இட்லிப்பூ ஞாபகம் இருக்கும், அதோட பழைய பேரு வெட்சின்னு தெரியாது. கேனான்னு தெரியும், கல்வாழைன்னு தெரியாது. பத்துமணிப்பூவை டேபிள் ரோஸ்னுதான் சொல்லுவோம். பிரெஞ்சு விருந்தாளி "கொமான் ஸாபெல் ஸெத் ஃப்ளர்?"னு கேட்கிறப்போ, அதாவது "இந்தப் பூ பேரு என்ன?"ன்னு கேட்கிறப்போ, அவருக்கு வேண்டியது பிரெஞ்சுப் பேரு இல்லை, அது அவர்கிட்டயே இருக்கு. இங்கிலீஷ் பேரும் வேண்டாம். நீங்க, உங்க அம்மா, உங்க பாட்டி இதை என்னன்னு கூப்பிடுறீங்கன்னுதான் கேட்கிறார். பாட்டிகிட்ட கேட்டு வைக்கலன்னா அந்த இடத்துல வாய் திறக்க முடியாது. பாட்டிகளுக்கு வயசாகிட்டே போகுது. அகராதியை எப்போ வேணும்னாலும் புரட்டலாம்.

போனஸா ஒண்ணு

அல்லி, ஆம்பல் மாதிரி குளத்துப் பூக்களுக்கு பிரெஞ்சுல 'நெனுஃபார்'. 1990ல பிரெஞ்சு எழுத்துச் சீர்திருத்தம் வந்தப்போ, இந்த ஒரு சொல்லை எப்படி எழுதுறதுன்னே பெரிய சண்டை. ஃ ஒலிக்கு கிரேக்கச் சொற்கள்ல வர்ற மாதிரி ரெண்டு எழுத்து போட்டு எழுதிட்டு இருந்தாங்க. ஒரே எழுத்து போதும்னு சீர்திருத்தம் சொல்லுச்சு. எதிர்த்தவங்க விடலை. 2016ல மறுபடியும் அதே பேச்சு கிளம்புச்சு. சீர்திருத்தக்காரங்க வாதம் என்னன்னா, இது கிரேக்கச் சொல்லே இல்லை, அரபுலேர்ந்து வந்தது. அரபுக்குப் பாரசீகத்துலேர்ந்து. பாரசீகத்துக்கு இந்தியாவுலேர்ந்து. அந்த மூலச் சொல் நீலோத்பலம். தமிழ்ல நாம நீலோற்பலம்னு எழுதுற, நம்ம குவளைப் பூ.

இந்த வாரத்துக்கு உங்க அஞ்சு பூ: துலுக்க சாமந்தி, அரளி, காகிதப்பூ, அந்திமந்தாரை, நாகலிங்கம். முதல் நாலும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போற வழியிலயே கிடைக்கும். அஞ்சாவதுக்கு ஒரு சிவன் கோயில் பக்கம் போகணும். போனா மரத்துக்கு நேர் கீழே நிக்காதீங்க, பிரெஞ்சுப் பேரு ஞாபகம் இருக்கட்டும்.